முகவரி எங்கே என்று கேட்டவர்

முனீஸ்வரி இறந்த செய்தி எனக்குச் சுவரொட்டியாகத்தான் வந்தது. திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தில் சிவகாசி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் பசை காயாத கண்ணீர் அஞ்சலி. படத்தில் இருந்த முகம் யாருடையது என்று புரிந்ததும் சாலையைக் கடந்து பக்கத்தில் போய்ப் படித்தேன். 'எங்கள் நிறுவனத்தில் விசுவாசமாகப் பணியாற்றிய' என்று தொடங்கி 'ஆழ்ந்த இறங்கல்' என்று முடிந்திருந்தது. இரங்கலுக்கு வல்லின றகரம். பிழை திருத்துவதையே பிழைப்பாக வைத்திருந்த பெண்ணின் சாவுக்கு அடித்த தாளில் பிழை. அடியில் அச்சகத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பிய அதே அச்சகம்.

எம். புதுப்பட்டியில் அவர் தெருவிலேயே குடியிருக்கும் பாண்டிச்செல்விக்குப் போன் செய்தேன். முந்தாநாள் காலையில் குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றாள். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணலைங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஏன் தோணவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். முனீஸ்வரியைத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டும்.

அச்சகத்தில் நான் டிசைன் பிரிவு. கணினியில் லேபிள், பில் புத்தகம், காலண்டர் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுப்பேன். முனீஸ்வரி பிழை திருத்துபவர். என்னைவிட ஏழு வயது இளையவர். சிவப்புப் பேனாவோடு அவர் உட்கார்ந்திருந்த மேசைக்கும் என் கணினிக்கும் நடுவே ஒரு பீரோதான் இருந்தது. எழுத்துப்பிழையை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளிவிடும் வழக்கம் அவருக்கு இல்லை. எழுதியிருப்பது உண்மையா என்றும் பார்ப்பார். அதனால் எங்களுக்கு வேலை தாமதமாகும், எரிச்சலும் வரும்.

ஒருமுறை தையல் மெஷின் கடை ஒன்றுக்குப் பில் புத்தகம் அடித்தோம். எல்லாப் பில்லிலும் போடுவது போல அடியில் 'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போட்டிருந்தேன். முனீஸ்வரி அந்த வரியைச் சிவப்பில் அடித்துவிட்டார். பார்ட்டி கேட்டது, போட்டேன் என்றேன்.

"நம்ம அச்சடிச்சா அது சட்டம் ஆயிருமாண்ணே?" என்றார்.

கடைசியில் அந்த வரியோடுதான் புத்தகம் போனது. சில மாதங்கள் கழித்து அதே கடையில் மெஷின் வாங்கிய ஒரு தையல்காரப் பெண் பில்லின் அடியில் இருந்த அச்சகப் பெயரைப் பார்த்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். வாங்கிய இரண்டாவது வாரத்தில் மோட்டார் புகைந்துபோயிருந்தது. கடைக்காரர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டி அனுப்பியிருக்கிறார். முனீஸ்வரி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். எந்தத் தேதியில் வாங்கியது, என்ன கோளாறு, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும், இல்லையென்றால் விருதுநகர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஒரு பக்கம்தான். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொன்னார். ஒரே வாரத்தில் புது மெஷின் வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஆட்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஃபேன், குக்கர், செல்போன், காது கேட்கும் கருவி. எல்லோரிடமும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்: "அழுறத அப்புறம் வச்சுக்கிடலாம். மொத பில்லையும் பெட்டியையும் எடுத்துட்டு வாங்க."

அடுத்து வந்த ஆடி மாதத்தில்தான் அந்த லேபிள் வந்தது. புஸ்வாணப் பெட்டிக்கான பல வண்ண லேபிள். பெயர் இருந்தது, படம் இருந்தது. தயாரித்த ஆலையின் பெயரும் முகவரியும் இல்லை. முனீஸ்வரி புரூஃப் தாளில் 'தயாரிப்பாளர் பெயர், முகவரி எங்கே?' என்று எழுதி என்னிடம் திருப்பி அனுப்பினார். நான் பார்ட்டியிடம் கேட்டேன். அது வேண்டாம், அப்படியே அடியுங்கள் என்றார்கள். முனீஸ்வரி தாளை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். உன் வேலை எழுத்தைப் பார்ப்பது, பார்ட்டியைப் பார்ப்பது என் வேலை என்று முதலாளி சொன்னது வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது. வெளியே வந்தவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "பேரு இல்லாத பெட்டி வெடிச்சா யாரு மேலண்ணே எழுதுவாக?" என்றார். சீசன் நேரம், மெஷின் காத்திருந்தது. புரூஃபில் பார்ட்டியான ஆலையின் பெயரை எழுதி, 'சொன்னபடி அடிக்கவும்' என்று கையெழுத்துப் போட்டு நான்தான் அனுப்பி வைத்தேன்.

தீபாவளி அன்று பாண்டிச்செல்வி தன் அண்ணன் பிள்ளைகளுக்காக வாங்கி வந்த பெட்டியிலிருந்து ஒரு புஸ்வாணத்தைப் பற்ற வைத்தாள். அது பூவாகச் சொரியவில்லை. குண்டு போல வெடித்தது. அவளுடைய இடது கண் போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளிடம் ஊர் என்ன சொன்னது தெரியுமா? பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவள், அவளுக்குத் தெரியாதா எட்டி நின்று பற்ற வைக்க? முதலாளிமார் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைக்கிற பெண்களும் அதையே சொன்னார்கள். கேஸ் கீஸ் என்று போனால் வேலைக்கு ஏற்றிப்போகும் ஆலை வண்டி தெருவுக்கே வராது என்று பயந்தார்கள். விற்ற கடைக்காரர் பில் இருக்கிறதா என்று கேட்டார். அவர் யாருக்கும் பில் கொடுத்ததே இல்லை.

முனீஸ்வரி அந்த வீட்டுக்குப் போனபோது பாண்டிச்செல்வியின் அம்மா வெறும் பெட்டியை அடுப்பில் போடப் போயிருக்கிறார். கையிலிருந்து பிடுங்கி வாங்கியதும் முனீஸ்வரிக்கு லேபிள் தெரிந்துவிட்டது.

பில் இல்லை என்பது அவருக்கு ஒரு தடையே இல்லை. பாண்டிச்செல்வி போனில்தான் பணம் அனுப்பியிருந்தாள். கடைக்காரரின் பெயரோடும் தேதியோடும் அந்தக் குறுஞ்செய்தி இருந்தது. அதை அச்செடுத்தார். பெட்டி, வெடிக்காத மீதி நாலு புஸ்வாணம், ஆஸ்பத்திரிக் காகிதம், போட்டோ என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார். கடைக்கும் ஆலைக்கும் நோட்டீஸ் போனது. கடையிலிருந்து பதிலே இல்லை. ஆலையிலிருந்து வக்கீல் மூலம் பதில் வந்தது: அந்தப் பெட்டி எங்களுடையது அல்ல, எங்கள் பெயர் அதில் எங்கே இருக்கிறது?

அதைப் படித்துவிட்டு முனீஸ்வரி என்னிடம் வந்தார். எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம். உட்காரவில்லை.

"அந்தப் புரூஃப் உங்க கட்டுலதாண்ணே இருக்கும். பார்ட்டி பேரு உங்க கையெழுத்துல இருக்கு. அதக் குடுத்து, நான்தான் எழுதுனேன்னு ஒரு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டீகன்னா போதும்."

பழைய புரூஃபெல்லாம் எடைக்குப் போய்விட்டது என்றேன்.

"எப்பப் போச்சு?"

போன மாதம் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். எடைக்காரர் தைப்பொங்கலுக்கு முன்னால்தான் வருவார் என்பது அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"சரிண்ணே" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிழித்துப் போடத் துணிவில்லை. கொடுக்கவும் துணிவில்லை. ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முனீஸ்வரி தானே பிரமாணப் பத்திரம் கொடுத்தார். இந்த லேபிளை நான் திருத்தினேன், இன்ன ஆலைக்காக அடிக்கப்பட்டது என்று. அடுத்த வாரம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிவப்புப் பேனாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து வெளியே போனார். நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு சிவகாசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் மனு எழுத ஆட்கள் தேடிப்போனார்கள்.

ஆணையத்தில் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா, ஆய்வக அறிக்கை வரவில்லை என்று வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாண்டிச்செல்வி ஒருநாள் வேலையை விட்டுவிட்டு முனீஸ்வரியோடு விருதுநகர் பஸ் ஏறினாள். அறிக்கை கடைசியில் வந்தது. மருந்துக் கலவை தப்பு, மண் பூச்சு மெலிசு என்று தெளிவாகச் சொன்னது. பொருளில் கோளாறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யார் செய்த பொருள் என்பதுதான் கேள்வி.

விசாரணையில் ஆலையின் வக்கீல் முனீஸ்வரியிடம், வேலையை விட்டு நீக்கிய கோபத்தில்தானே சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "நான் சொன்னதுக்கு அப்புறந்தான்யா நீக்குனாக. தேதியப் பாருங்க" என்றாராம். தேதியை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைக்காரர் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆலைக்கு எதிராக ஒரு முன்னாள் ஊழியரின் வாய்ச்சொல்லைத் தவிர ஆவணம் எதுவும் இல்லை என்று சொல்லி அதை விடுவித்தார்கள். தீபாவளிக்கு மட்டும் முளைத்த கடை அது. உத்தரவு வந்தபோது அந்த இடத்தில் டயர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆவணம் என் வீட்டில், என் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில் இருந்தது.

முனீஸ்வரி மதுரையில் இருக்கும் மாநில ஆணையக் கிளைக்கு மேல்முறையீடு எழுதினார். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பயப்பட இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் போகவில்லை. ஒருநாள் சிவகாசி பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். இளைத்திருந்தார். நல்லா இருக்கீகளாண்ணே என்றுகூடக் கேட்கவில்லை. என்னைத் தெரியாதவரைப் போல நடந்து போனார்.

சுவரொட்டி பார்த்த மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் போனேன். பாண்டிச்செல்வி வாங்கிப் பிரித்து, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பில் முனீஸ்வரியின் எழுத்து. அதன் கீழே நீலத்தில் என் எழுத்தும் ஆலையின் பெயரும்.

"இம்புட்டு நாளும் உங்ககிட்டயா இருந்துச்சு?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வாரம் பாண்டிச்செல்வியின் வக்கீல் முன்னால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். மேல்முறையீட்டில் புதிய ஆவணத்தை ஏற்பார்களா என்று அவருக்கே உறுதியில்லை. இத்தனை வருடம் ஏன் தரவில்லை என்று கேட்பார்கள், என்ன சொல்வீர்கள் என்றார். பொய் சொன்னேன் என்று சொல்வேன் என்றேன்.

அச்சகத்தில் இரங்கல் கூட்டம் நடத்தப்போகிறார்களாம், என்னைப் பேச அழைத்தார்கள். மறுத்துவிட்டேன். அவரைத் தங்கமான மனசுக்காரர், யாரையும் பகைக்காதவர் என்றெல்லாம் அங்கே பேசுவார்கள். அது பொய். அவர் பகைத்தார். முதலாளியைப் பகைத்தார், ஆலையைப் பகைத்தார், என்னையும் பகைத்தார். கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. மன்னித்திருப்பார் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த மன்னிக்காமை ஒன்றுதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.