மாமாவுக்கு லீவு கிடைக்கும் வரை

ஒன்பது வயது வரை நான் சடை போட்டிருந்தேன். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. இன்று என் தலையில் சடை போடும்படியாக எதுவும் மிச்சமில்லை என்பது ஒரு காரணம்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அதுவும் ஒற்றைப்படை வயதில். அதுவரை தலையில் கத்தரி படக்கூடாது. எனக்கு வாய்த்ததோ ஒரே ஒரு தாய்மாமன், அம்மாவின் தம்பி. அவரும் பட்டாளத்தில் ஆபீசர். எனக்கு ஒரு வயதானபோது அவர் பயிற்சியில் இருந்தார். மூன்று வயதானபோது எங்கோ ஒரு பனிமலை உச்சியில் இருந்தார். முடி பாட்டுக்கு வளர்ந்தது.

ஐந்தாம் வயதில் வந்தேவிட்டார். போடி ஸ்டேஷனில் மதுரை ரயிலை விட்டு இறங்கியதும், என் சடையைச் சுருட்டித் தன் தொப்பிக்குள் வைத்து என் தலையில் கவிழ்த்தார். பிறகு பிளாட்பாரமே பார்க்க எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். அன்று முதல் நான் அவருடைய அடிமை. கிடா வாங்கியாயிற்று, காது குத்த ஆசாரிக்குச் சொல்லியாயிற்று. நாலாம் நாள் தந்தி வந்தது, உடனே திரும்பு என்று. அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு நா இருந்து மடியக் குடுத்துட்டுப் போடா.”

“அக்கா, இது கவர்மெண்டு மடி. என் இஷ்டத்துக்குக் குடுக்க முடியாது.” பிறகு என்னிடம் குனிந்தார். “மாப்ளே, அடுத்த லீவுல ஒஞ் சடைய நாந்தான் எறக்குவேன். அதுக்குள்ள எவனாச்சும் தொட்டான்னு வையி, சுட்டுப்புடுவேன்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இடுப்பில் துப்பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிடா மட்டும் நிம்மதியாகத் தழை தின்றது.

சடையோடு பள்ளிக்கூடம் போவது லேசான சோலி இல்லை. முதல் நாளே வாத்தியார் என்னைப் பெண்பிள்ளைகள் வரிசையில் உட்காரவைத்துவிட்டார். அங்கே அடி குறைவாக விழுந்ததால் ஒரு வாரம் நானும் வாயைத் திறக்கவில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. அங்கே காவல் இருந்த மலையாளத்துச் சேட்டன் என்னை “மோளே”, அதாவது மகளே, என்றே கூப்பிடுவார். நான் டவுசரைக் காட்டி வழக்காடினால், “சரி மோளே” என்பார். மழைக்காலத்தில் அட்டைகள் என் சடைக்குள் குடியேறிவிடும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப்போட அம்மாவுக்கு அரை நாள் ஆகும்.

மாமாவின் இன்லண்டு கடிதம் வரும்போதெல்லாம் கடைசி வரி ஒன்றுதான்: மாப்ளையின் சடை இப்போது எவ்வளவு நீளம்? அம்மா சாணால் அளந்து சொல்ல, அப்பா பதிலில் எழுதுவார்.

ஏழாம் வயதில் கிழக்கே சண்டை வந்தது. மார்கழியில் ஒரு நாள் தந்தி வந்தது. இந்தத் தடவை தந்தி வந்தது மாமாவுக்கு அல்ல, எங்களுக்கு. அப்பா படித்துவிட்டுத் திண்டாடி, ஒருவழியாகச் சொல்லிமுடித்தார். ஊரே வீட்டுக்குள் வந்து அழுதது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, எனக்கு உயிர்ப்பிரச்சினையாக இருந்த ஒரே கேள்வியை நான் கேட்டேன்:

“அப்ப என் முடிய யாரு எறக்குவா?”

அவ்வளவுதான். பெண்கள் என்னை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டு கதறினார்கள். “பச்சப்புள்ள, மாமன் மடிக்கு ஏங்குதே ஆத்தா!” என்றார் ஒருவர். பள்ளிக்கூடத்துக் கேலியிலிருந்து எப்போது விடுதலை என்று விசாரித்த பயலுக்கு, பாசக்காரன் என்ற பட்டம் கிடைத்தது. இன்றுவரை நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாமாவை அங்கேயே எரித்துவிட்டார்கள். ஊருக்கு ஒரு கடிதம் வந்தது, பின்னால் அவருடைய சாமான்கள் ஒரு பெட்டியில் வந்தன.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது பேச்சு மறுபடி கிளம்பியது. அம்மாவுக்குப் பெரியப்பா மகன் ஒருவர் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வந்து உட்கார்ந்தார்.

“ஏந் தாயி, நாங்க என்ன மடியில்லாதவங்களா?”

“ஒம் மடிக்கு என்னண்ணே கொற? என் தம்பி சொல்லிட்டுப் போயிருக்கான்.”

“அவன் எப்பிடித் தாயி இனிமே…”

“சொல்லிட்டுப் போயிருக்கான்.”

ஜீப்பு மாமா எழுந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அம்மா தினமும் காலையில் எனக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். பின்னி முடித்ததும் சாணால் அளந்தாள். எழுதிப்போட ஆளில்லாத அளவை எதற்கு எடுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. சடை இடுப்பைத் தாண்டியிருந்தது.

அந்த வருஷம் குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மாமாவின் படத்தைத் திறந்துவைத்தார்கள். அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தலைமையாசிரியர் எங்கள் ஊருக்குப் புதிது. மேடை ஓரத்தில் மாலையோடு நின்ற என்னைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், கண்ணையே நம்பினார்.

“இப்போது நம் வீர கேப்டனின் அக்காள் மகள் படத்துக்கு மாலை அணிவிப்பாள்!”

பள்ளிக்கூடமே கூரை பறக்கச் சிரித்தது. எனக்குத்தான் கூட்டத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாதே. சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, குனிந்து நெளிந்து நடந்துபோய் மாலையைப் போட்டேன். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. முன்வரிசையில் அம்மா மட்டும் சிரிக்காமல் என் சடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்ததும் ராசிங்காபுரத்துப் பையன் ஒருவன் என் சடையைப் பிடித்து இழுத்தான். “ஒங்க மாமன் சண்டையில சாகலடா. இதப் பாத்துச் சிரிச்சே செத்துட்டாரு.”

வழக்கமாக நானும் சேர்ந்து பல்லைக் காட்டுவேன். அன்று வரவில்லை. மிட்டாய் கொடுப்பதற்கு முன்பே ஓடினேன். மிட்டாயை விட்டுவிட்டு ஓடினேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

முதலில் சலூனுக்குப் போனேன். கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். “முடியெறக்காத தல அப்பு. ஒங்க மாமனக் கூட்டி…” என்றவர் பாதியில் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டில் யாருமில்லை. அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்து ஜன்னல் கட்டையில் சாய்த்துவைத்தேன். எதிரே உட்கார ஏதாவது வேண்டும். அம்மாவின் கட்டிலுக்கடியில் மாமாவின் டிரங்குப்பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பதவியும் பெயரும் இங்கிலீஷில் எழுதியிருக்கும். கைக்கு அகப்பட்டது அதுதான். அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலைச் சடையின் அடியில் வைத்தேன். சுட்டுப்புடுவேன் என்றது ஞாபகம் வந்தது. சுடுவதற்கு ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதுகொண்டே வெட்டினேன். ஈரக் கண்ணோடு வெட்டியதில் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கரடு.

அம்மா வாசலில் வந்து நின்றாள். விளக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்று நான் கணக்குப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

“எதுமேல உக்காந்து வெட்டுன?”

“பெட்டி மேல.”

“வெட்டி முடிக்கிற மட்டும் எந்திரிச்சியா?”

“இல்ல.”

“மூஞ்சி எங்கிட்டு இருந்துச்சு?”

“சன்னலப் பாத்து.”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். “கெழக்கு” என்று தனக்குள் சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனில் இப்படித்தான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு கடைசியில் மொத்தமாக அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அவள் பெட்டியருகே உட்கார்ந்து, மூடிமேல் கிடந்த முடியை ஒன்றுவிடாமல் உள்ளங்கையால் கூட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள். தந்தி வந்த நாளில்கூட அப்படிச் சத்தமாக அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்து, “உக்காரு” என்றாள். அதே பெட்டிமேல் உட்கார்ந்தேன். மிச்சத்தை அவளே சீராக வெட்டினாள். அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

“ஆசாரிய வரச்சொல்லுங்க. வெரசா” என்றாள்.

பெட்டியை விட்டு இறங்கவிடாமலே எனக்குக் காது குத்தினார்கள். தெருமுனை வரை கேட்கும்படி கத்தினேன். அடி மட்டும் ஒன்றுகூட விழவில்லை.

கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னதால்தான் தப்பித்தேன் என்று முடிவுகட்டினேன். அடுத்த மாதமே ஜீப்பு மாமாவின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டதையும், தோட்டத்து ஏலக்காயை மிட்டாய்க்கு மாற்றியதையும் அம்மா கேட்பதற்கு முன்பே போய், எதுமேல் உட்கார்ந்தேன், எந்தப் பக்கம் பார்த்திருந்தேன் என்பது உட்பட, ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். இரண்டுக்கும் தோல் உரிந்தது. எங்கே தப்பு நடந்தது என்று வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.