ஒற்றைத் தாள்

ஹாங்ஜோவில் புத்தகம் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஒரு பழைய சீனப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பழக்கத்தில் வலப்புறமிருந்து திறந்தேன். பட்டறையை நடத்தும் லின் அம்மாவுக்கு ஆச்சரியம். "பழைய சீனம் படிப்பாயா?" என்றார். "குர்ஆன் ஓதுவேன்" என்றேன்; அதையும் வலமிருந்துதான் திறப்போம். என்ன விளங்கிக்கொண்டாரோ, எனக்குப் பழைய சீனம் தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கம்பத்துக்காரனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

சீனர்கள் முதலில் மூங்கில் பட்டைகளில் எழுதினார்கள். பிறகு காகிதச் சுருள். இந்தியாவிலிருந்து பௌத்தத் துறவிகள் கொண்டுபோன ஓலைச்சுவடியைப் பார்த்துத்தான் சுருளை விசிறிபோல் மடித்தார்கள் என்பார்கள். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாளை, எழுத்து உள்ளே வர மடித்து முதுகில் ஒட்டினார்கள். ஒரு விரிப்பில் எழுத்து, அடுத்ததில் வெறுமை. அது பிடிக்காமல் மடிப்பைத் திருப்பி, வெறுமையை உள்ளே மறைத்து, நூலால் தைத்தார்கள். அதில் ஒரு தாளை உருவினாலும் தடயம் இருக்காது. நம்மூர் நோட்டில் நீளத் தாளை நடுவில் மடித்துத் தைப்பதால், ஒரு பாதியைக் கிழித்தால் அதன் ஜோடி கழன்றுவிடும்.

அந்த ஜோடிதான் என் அண்ணனைக் காட்டிக்கொடுத்தது. போன வருடம் எங்களைப் பெற்ற அத்தா மவுத்தானபோது, "ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சுடா" என்று போனில் அழுதவர் அவர். அத்தாவின் திராட்சைத் தோட்டக் குறிப்பு நோட்டை ஊரிலிருந்து வரவழைத்து, புதிதாகக் கட்டுவதற்குப் பிரித்தேன். முன்பகுதியில் இரண்டு தாள்கள் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. அவற்றின் ஜோடிகள் கடைசியில் இருக்க வேண்டும். இல்லை.

உடனே போன் போட்டேன். "கடைசித் தாளெல்லாம் எங்கண்ணே?"

மறைத்ததை அண்ணன் சொல்லிவிட்டார். "பத்து நாளு கெடையில கெடந்தாக. பேச்சு நின்னுபோச்சு, இந்த நோட்டுலதான் எழுதிக் காட்டினாக. சின்னவன் வந்துட்டானான்னு, தெனமும் அதே."

"என்னய ஏன் கூப்பிடல?"

"புது வேல, விட்டுட்டு ஓடியாந்துருவ. உன் நல்லதுக்குத்தான்டா. அந்தத் தாளுகள அடுப்புல போட்டுட்டேன்."

நல்லதாம்! என் அத்தா என்னிடம் கேட்டதை எரிக்க இவர் யார்? கூடப் பிறந்தவனே கழுத்தறுத்த பிறகு யாரிடம் போய்ச் சொல்ல? நான் அழுவதைப் பார்த்த லின் அம்மா, "கவலைப்படாதே, காகிதம் கெடவில்லை" என்று தேற்றினார்.

காணாமல் போன தாள்களுக்குப் பதிலாக இரண்டு வெற்றுத் தாள்களைச் சீனப் பாணியில் மடித்து எடுத்தேன். தைப்பதற்கு முன், தைத்த பின் கண்ணில் படாத மடிப்பின் உட்புறத்தில், "சின்னவன் வந்துட்டானா?" என்று எழுதினேன். அதன் கீழே, "வந்துட்டேன் அத்தா" என்று எழுதப் பேனாவை வைத்தேன். நான்தான் போகவில்லையே; அந்த வரியை வெறுமையாக விட்டுத் தைத்துவிட்டேன்.