திரையில் தெரிந்த வெறுங்கதிரை

லண்டனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் என் வீட்டில் எனக்கென்று ஒரு கதிரை கிடையாது. மனைவி எழும்பினால் நான். மகள் வந்தால் தரை. அப்படிப்பட்டவனுக்கு ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேடியத்தில் எண் போட்ட கதிரை, அதன் முன்னால் கோலா வைக்க ஒரு வளையம், எந்த வாசலால் வந்து எந்தப் படியால் ஏறவேண்டும் என்று கைபேசியில் அம்புக்குறி. வேலைத்தலத்துக் குலுக்கலில் இரண்டு டிக்கெட் விழுந்திருந்தது. ஓட்டப்பந்தயத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் கட்டிய இடத்தை ஒரு வார இறுதிக்காக பேஸ்போலுக்கு மாற்றியிருந்தார்கள். புல்லுக்கு மேல் வேறு புல், நடுவில் செம்மண், அடிப்பவனுக்குப் பின்னால் இருக்கிற சனத்தின் மண்டை உடையாமல் உயரமாய் ஒரு வலை. பார்வையை மறைக்க ஒரு தூண்கூட இல்லை. எங்கே இருந்தாலும் எல்லாம் தெரியும். அப்படியென்றால் எங்களையும் எல்லாருக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

நடேசன் அண்ணையைக் கூட்டிப்போனது முழுக்க என்னுடைய மூளை. அவர் என் ஊர்க்காரர், பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு மேல் அறையில் இருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய அகதி வழக்கு மேன்முறையீட்டுக்கு வருகிறது. ஊரில் நடந்ததை நீதிபதியின் முன்னால் தன் வாயால் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வழக்கறிஞர் உடைத்தே சொல்லிவிட்டார். முதல் விசாரணையில் அவருடைய தம்பியாரின் பெயரைக் கேட்டதுமே அண்ணை பாதியில் நிறுத்திவிட்டார். அறையை விட்டு இறங்காத மனிதரை ஆயிரக்கணக்கான முகங்களுக்கு நடுவில் இருத்தினால், பிறகு ஒரு நீதிபதியின் முகம் பெரிதாய்த் தெரியாது என்பது என் வைத்தியம். பெற்றோல் நிலையத்தில் தலையிடிக் குளிசை விற்பதுதான் எனக்கும் வைத்தியத்துக்கும் உள்ள தொடர்பு.

முதல் ஒரு மணித்தியாலம் வைத்தியம் வேலை செய்தது.

"அடிச்சுப்போட்டு மட்டையை ஏன் எறியிறான்?" என்று அண்ணை கேட்டார்.

"மட்டையோட ஓடினால் பாரம், அண்ணை."

"உனக்கு இந்த விளையாட்டு விளங்குதோ?"

"ஓம், ஓம்."

"அப்ப இப்ப ஆர் வெல்லுறது?"

"சத்தம் போடுற ஆக்கள்."

அண்ணை சிரித்தார். ஆறு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. செவ்வாய்க்கிழமையை வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

இடைவேளைபோல ஆட்டத்தை நிறுத்திப் பாட்டுப் போட்டார்கள். இரண்டு மாடி வீட்டளவுத் திரையில் சனத்தின் முகங்களைக் காட்டத் தொடங்கினார்கள். ஆடுகிறவர்கள், கொஞ்சுகிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள். திடீரென்று நான். வாய் நிறைய சிப்ஸ், பஸ் அளவில் வயிறு. இந்த நாட்டில் என்னை ஒருவரும் இவ்வளவு பெரிதாக மதித்ததில்லை என்ற சந்தோஷப் புளுகத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பிறகுதான் திரையில் எனக்குப் பக்கத்தில் வெறுங்கதிரை தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அண்ணை கீழே கொங்கிரீற்றில் குந்தி, இரண்டு கையையும் பிடரியில் கோத்து, தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தார்.

"உங்கள் நண்பருக்கு வெட்கம் போல!" என்று பக்கத்து வெள்ளைக்காரர் சிரித்தார்.

"ஓம், சரியான வெட்கம்," என்று ஆங்கிலத்தில் சொல்லி நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்னும் என்னை நான் மன்னிக்கவில்லை.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலுக்குள் வரிசையாகக் குந்த வைப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒரு ஜீப்பின் முன்னால் போய் நிற்கவேண்டும். உள்ளே சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருப்பான், சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவனைத் தலையாட்டி என்போம். அவன் தலை ஆடினால் ஆமி பிடித்துக்கொண்டு போகும், ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். காற்சட்டை நனைந்ததே தவிர, தலை ஆடவில்லை. வேறொரு நாள் அண்ணையின் தம்பிக்கு ஆடியது. அவன் திரும்பி வரவில்லை. இதெல்லாம் தெரிந்த நான்தான் கையாட்டிக்கொண்டிருந்தேன்.

நான் நிமிர்வதற்குள் அண்ணை எழும்பிப் படியால் இறங்கிவிட்டார். வெளிவாசலுக்குக் கிட்ட, சுழல் கம்பியைப் பிடித்தபடி நின்றவரைக் கண்டுபிடித்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. வாங்கோ, வீட்டை போவம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அண்டைக்கு வரிசையில அவன் எனக்குப் பின்னால இருந்தவன்," என்றார். "நான்தான் முன்னுக்குப் போகச் சொன்னனான். பசிக்குது எண்டான். கெதியா முடிஞ்சால் கெதியா வீட்டை போய்ச் சாப்பிடலாம் எண்டு சொன்னனான்."

நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை இதை இப்பிடியே சொல்லுங்கோ அண்ணை."

"அந்த நீதிபதி மனிசி கேட்டு எழுதிப்போட்டு, அடுத்த கேள்விக்குப் போகும். உனக்குச் சொன்னது போதாதோ?"

"எனக்கு விசா குடுக்க ஏலாது, அண்ணை."

வாசலில் வேலைக்கு நின்ற இளம் பெண் கிட்ட வந்தாள். வெயில் அடித்துவிட்டது என்று நினைத்து ஒரு தண்ணீர்ப் போத்தலை அண்ணையின் கையில் வைத்தாள். பிறகு என்னிடம், வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டோம், அதுதான் இங்கே விதி என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"என்னவாம்?"

"வெளியில போனால் திரும்பி வர ஏலாதாம்."

"அது எனக்குத் தெரியும் எண்டு சொல்லு."

நான் மொழிபெயர்க்கவில்லை. "தாங்க்யூ" என்றேன். எங்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் ஒரேயடியாக எழும்பிக் கத்தினார்கள். கம்பிக்கு அப்பால் ஸ்டேஷனுக்குப் போகும் பாதை வெறுமையாக வெயிலில் கிடந்தது. அண்ணையின் கை கம்பியிலேயே இருந்தது. அவர் அதைத் தள்ளவும் இல்லை, விடவும் இல்லை.