மூலைப் பட்டை இல்லாத இறக்கை

தாராவியில் தகரப் பெட்டி செய்யும் சுடலைக்கண்ணன் இருபத்து மூன்று வருடமாகத் தகட்டோடு தகடு சேர்க்கும் ரிவெட் ஆணி அடித்துவருகிறார். இடைவெளி பிசகியதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. காரணம் எளிது. இடது ஓரத்தில் தொடங்கி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே போவார். கடைசியில் அரை விரலோ முக்கால் விரலோ மிஞ்சினால் அதன்மேல் பித்தளை மூலைப் பட்டை உட்கார்ந்துவிடும். அவருடைய நல்ல பெயர் முழுவதும் அந்தப் பட்டைகளுக்கு அடியில்தான் பத்திரமாக இருந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் மாட்டுங்கா பத்ரிநாராயணன் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெற்றவர், ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. செம்பூரில் ஒரு ஷெட் பிடித்து, இரண்டு பேர் உட்காரும் விமானத்தைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

இறக்கைக்கு வந்த அலுமினியத் தகடு ஒன்றே ஒன்று. கெட்டால் அடுத்தது வர ஐந்து மாதம். முதல் துளை இங்கே, கடைசித் துளை அங்கே, நடுவில் எல்லாம் சம இடைவெளி, நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றது வரைபடம். சுடலைக்கண்ணன் வழக்கப்படி இடது ஓரத்தில் தொடங்கி, நாற்பது நாற்பதாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். கடைசியில் பதினேழு மிஞ்சியது.

"சார், இந்த ஓரத்துல ஒரு பித்தளப் பட்ட போட்டுருவமா? பாக்கவும் ஜோரா இருக்கும்."

"ஏரோப்ளேனுக்கா? அப்படியே ஒரு பூட்டும் தொங்க விட்டுடலாமே!" என்றார் பத்ரிநாராயணன். "நெருக்கமா துளை போட்டா தகடு அங்கேதான் கிழியும். போட்ட துளையை அழிக்க முடியாது, புரியறதோன்னோ?"

"டிரில் பிட்டு மழுங்கிப்போச்சு சார். நாளைக்கு வாங்கிட்டு வாரேன்."

அன்று காலைதான் வாங்கிய பிட்டு. பஸ்ஸில் கால்குலேட்டரைத் தட்டினார். மொத்தம் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு மில்லிமீட்டர், இருபத்தொன்பது இடைவெளி. 39.206896 என்றது. அவர் ஸ்கேலில் அப்படி ஒரு கோடே இல்லை.

வீட்டில் மனைவி இசக்கிசெல்வி, பிள்ளைகளின் டிரவுசருக்கு இடுப்பு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"சோத்த மொறச்சுப் பாத்தா வயிறு ரொம்புமா? என்ன ஆச்சு?"

சொன்னார். அவள் மிஷினை நிறுத்தினாள்.

"சும்மா கெடக்கையிலேயே எலாஸ்டிக்குல சமமா புள்ளி வையுங்க. இழுத்தா எல்லாம் சேந்துதான நீளும்? நாங்க தெனமும் இததான செய்யுதோம்."

"டிரவுசரும் ஏரோப்ளேனும் ஒண்ணாட்டி?"

"அவுந்து விழுந்தா ரெண்டுலயும் மானம் போகும்லா. இருவத்தொம்பது சந்துக்குப் புள்ளி முப்பது. ஒண்ணக் கொறச்சு வச்சிட்டு என்னய வையாதிய."

மறுநாள் விமானத்தின் இறக்கைமேல் டிரவுசர் எலாஸ்டிக் ஏறியது. மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக முப்பது புள்ளி. முதல் புள்ளியை முதல் துளை வரவேண்டிய இடத்தில் கிளிப் போட்டு, கடைசிப் புள்ளி கடைசித் துளையின் இடத்துக்கு வரும்வரை இழுத்துக் கட்டினார். புள்ளிகள் சமமாக விரிந்தன. நம்பவில்லை. இரண்டு ஓரமும் நடுவும் அளந்தார். அவிழ்த்தார். புது எலாஸ்டிக்கா என்று முகர்ந்துகூடப் பார்த்தார். மறுபடி இழுத்து அளந்தார். பிறகுதான் தகட்டில் குறித்து, டிரில்லை எடுத்தார். முப்பதாவது துளை விழும்வரை மூச்சு விட்டதாக அவருக்கு நினைவில்லை.

பத்ரிநாராயணன் அளவுகோலோடு குனிந்து, ஒவ்வோர் இடைவெளியாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிரமாதம் சுடலை! பெட்டி செய்யற கைன்னா சும்மாவா!"

சுடலைக்கண்ணன் எலாஸ்டிக்கை அவசரமாகச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

மாலையில் வீட்டை ஒட்டிய தன் கடையில், பாதியில் விட்ட பெட்டிக்கு மூலைப் பட்டை பொருத்த உட்கார்ந்தவர், பொருத்தும் முன் கீழே மிஞ்சியிருந்த இடைவெளியைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. நான்கு மூலையிலும் ரிவெட்டைப் பிடுங்கத் தொடங்கினார்.

"இன்னைக்கே பெட்டி வேணும்னு அந்த ஆளு வாசல்ல நிக்காரு!" என்று கத்தினாள் இசக்கிசெல்வி.

"நாளைக்கு வரச் சொல்லு. அந்த எலாஸ்டிக்க இங்க எடு."