ஜெயபுரத்து யானையை அளந்த கயிறு

கணித ரியூசன் சொல்லிக் கொடுக்கிற நான், ஒரு கணக்கில் பிழை விட்டு இப்படி நடுங்கியது இதுதான் முதல் தடவை. பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை வகுப்பு இல்லை. பூநகரிப் பக்கத்துக் குளங்களில் பறவை பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

கிளிநொச்சி நகரில் காலை 5.45க்கு ஆட்டோ ஏறினேன். ஜெயபுரம் வரை 31 கிலோமீற்றர், ஒரு மணி பத்து நிமிடம். போய்வர, காத்திருக்க எல்லாமாக 7,000 ரூபாய். சாரதி தயாளனுக்கு வாய் ஓயாது. "அக்கா வீடு அங்கதான் சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்றார். அந்தத் தேத்தண்ணி கடைசிவரை கிடைக்கவில்லை.

அக்கா வசந்தி பின்வளவு வயல் வரம்பில் குந்தியிருந்தார். முன்னால் சேற்றில் யானைக் காலடிகள். கதிர் முற்றுகிற நேரம் என்பதால், அவருடைய கணவர் செல்வம் இரவில் மருதமரத்துப் பரணில் படுத்துக் காவல் காக்கிறார். முதல்நாள் வந்த யானையை வெடி கொளுத்தி விரட்டியிருக்கிறார்; இருட்டில் உருவம் தெரியவில்லை. பரண் பதினாலரை அடி உயரத்தில் இருந்தது. போன வருடம் வந்த யானைக்கு எட்டாத உயரம் அது. இந்த யானைக்கு எட்டுமா என்பதுதான் வசந்தியின் பயம்.

"காலடியைச் சுத்தி அளந்து ரெண்டு மடங்காக்கினா ஆனையின்ர தோள் உயரம் வந்திடும், மாஸ்ரர்."

நான் சிரித்துவிட்டேன். பாதத்தின் சுற்றளவுக்கும் தோளுக்கும் என்ன சொந்தம்? இருந்தாலும் பெருக்கல் என்றால் கை சும்மா இருக்காதே! அவருடைய கயிற்றை வாங்கி, தெளிவாகப் பதிந்திருந்த ஒரு காலடியைச் சுற்றி அளந்தேன். நாலு அடி. அப்படியானால் தோள் எட்டு. உயர்த்திய தும்பிக்கைக்கு ஒரு பாகம், அதாவது இரண்டு கையும் விரித்த நீளம், ஆறடி. மொத்தம் பதினாலு.

"எட்டாது! அரையடி மிச்சம்" என்று கரும்பலகைக்கு முன்னால் நிற்பவன் போல அறிவித்தேன்.

"அப்ப நான் கொஞ்சம் படுக்கப்போறன்" என்று, பக்கத்தில் நின்ற செல்வம் பரண் ஏணிப் பக்கம் நடந்தார்.

வசந்தி மட்டும் எழும்பவில்லை. "எந்த அடியை அளந்தனீங்கள்?"

காட்டினேன்.

"ஐயோ, அது பின்னங்கால் எல்லோ! நீளமா இருக்கு, பாருங்கோ. முன்னங்கால்தான் வட்டமா இருக்கும். அதைத்தான் அளக்கோணும்."

கொஞ்சம் தள்ளி வட்டமான காலடி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கயிற்றைச் சுற்றினார். நாலு அடி எட்டு அங்குலம். நான் மனதுக்குள் பெருக்கி முடிப்பதற்குள், அந்தக் கயிற்றை, மாங்காய் பறிக்கிற நீளமான கொக்கத்தடியில் இரண்டு தரம் வைத்து, அதற்கு மேல் செல்வத்தின் கையை விரிக்கச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு துணி கட்டினார். தடியை மரத்தில் சாத்தினோம். துணி, பரணுக்கு மேலே பத்து அங்குலத்தில் நின்றது. அதற்கு நேரே செல்வத்தின் பாயும் தலையணையும் விரித்தபடி கிடந்தன.

செல்வம் அப்படியே மரத்தடியில் குந்திவிட்டார்.

"நீங்கள் பெருக்கினது சரி, மாஸ்ரர். அளந்ததுதான் பிழை" என்றார் வசந்தி. கோபமில்லாமல் சொன்னார், அதுதான் கூடச் சுட்டது. தெரியாத மனிதர் ஒருவரின் உயிரை நான் தவறான காலை அளந்து பணயம் வைத்திருக்கிறேன்.

பறவை ஒன்றும் பார்க்கவில்லை. பின்னேரம் மூன்று மணிவரை பரணைக் கழற்றி, பதினெட்டு அடியில் மேல் கொப்புக்கு மாற்றினோம்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் ஊர்க்காரரைக் கேட்காமல் வரம்பில் இறங்க வேண்டாம். சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். புதிய காலடி கண்டால் படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். அளந்துதான் பார்க்க வேண்டுமென்றால், ஊரவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, வட்டமான காலடியை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

நாலு நாள் கழித்துத் தயாளன் போன் எடுத்தார். யானை திரும்பவும் வந்ததாம். விடிய இறங்கிப் பார்த்தபோது, பழைய பரண் இருந்த கொப்பில், செல்வம் முந்தித் தலைவைத்துப் படுத்த பக்கத்தில், ஈரச் சேறு அப்பிக் கிடந்ததாம்.