ஷெல்லடிக்குள் குழைத்த பழஞ்சோறு

பொங்கலுக்கு மறுநாள் காலை எங்கள் அடுக்களையில் மிஞ்சியிருந்தவை: அரிசி போதாததால் சாமையும் சேர்த்து அவித்துத் தண்ணீரூற்றி வைத்த சோறு, பூசணிக்காய்க் கறி, பயித்தங்காய்க் கறி, பருப்பு. சர்க்கரைப் பொங்கல் மிஞ்சவில்லை. அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. களவாக அள்ளித் தின்றுவிடுவார் என்று பயந்த அம்மா, மாட்டுப் பொங்கலைச் சாட்டாக வைத்து, மிச்சம் முழுவதையும் விடியவே பசுவுக்கு வைத்துவிட்டார். வீட்டில் சீனி இல்லாமற்போய் மாதக்கணக்காகியிருந்தது; பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரையும் முடிந்துவிட்டது.

எங்கள் புத்தூரில் அன்று பீரங்கி ஷெல்லடி காலையிலேயே தொடங்கியது. அப்பா சீனி வருத்தத்துக்கான குளிசையை விழுங்கியிருந்தார், இன்னும் சாப்பிடவில்லை. நிலத்துக்குள் வெட்டிய பங்கருக்குள் இறங்கினோம்: அப்பா, அம்மா, நான், இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு மாமி. ஒவ்வொரு ஷெல்லுக்கும் மேலிருந்த பனங்குற்றிகள் துள்ளின. மண் கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் கொட்டியது.

இரண்டு மணித்தியாலத்தில் அப்பாவின் சேட்டு வியர்வையில் ஒட்டிப்போயிற்று. கை நடுங்கியது. திடீரென்று அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தலையை மண்சுவரில் அடித்தார்.

“கதவைத் திறவடி! ஆரடி என்னைப் பூட்டினது?”

பிள்ளைகள் வீரிட்டார்கள். “பயத்திலை அண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது. கையைக் கட்டுங்கோ” என்றார் மாமி.

“பயமில்லை மாமி. இரத்தத்திலை சீனி இறங்கிட்டுது. இப்ப தின்னக் குடுக்காட்டி செத்துப்போவார்.”

நான் அப்போது மருத்துவ ஆய்வுகூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வியர்வை, நடுக்கம், மூர்க்கம், வலிப்பு, மயக்கம் என்று வரிசையாகப் பாடமாக்கியிருந்தேன். அப்பா மூன்றாவதில் நின்றார்.

அம்மா தடுக்க முன் வெளியே ஓடினேன். அடுக்களைக் கூரை பாதி கீழே கிடந்தது. பருப்புச் சட்டி உடைந்து போயிருந்தது. பயித்தங்காய்க் கறிக்குள் ஓட்டுத் துண்டுகள். மூடி வைத்த சோற்றுப் பானையும் பூசணிக்காய்க் கறியும் மட்டும் தப்பியிருந்தன. மற்ற வருடங்களில் அம்மா பழங்கறிகளை ஒன்றாக்கி, அடுப்பில் வற்றச் சுண்டவைத்துத்தான் சோற்றோடு குழைப்பார். அடுப்பு மூட்ட நேரமில்லை. சோற்றைப் பிழிந்து பெரிய சட்டியில் போட்டேன். மாச்சத்து மெதுவாகத்தான் ஏறும். அதனால் கட்டியில்லாமல் கூழாகக் கசக்கினேன். இனிக்கும் என்று பூசணியை முழுதாகக் கொட்டினேன்.

திரும்பும்போது மாட்டுக்கொட்டிலில் ஒரு ஷெல் விழுந்தது. சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிலத்தில் சுருண்டேன். எழும்பிப் பார்த்தபோது பசுவின் வயிறு கிழிந்திருந்தது. விடிய வைத்த பொங்கல் குடலோடு வெளியே கிடந்து ஆவி விட்டது. பசு இன்னும் காலை அடித்துக்கொண்டிருந்தது.

பங்கருக்குள் நான் நீட்டிய முதற்கவளத்தை அப்பா என் முகத்திலேயே துப்பினார்.

“உவள் எனக்கு நஞ்சு வைக்கிறாள்!”

“மாமி, காலைப் பிடியுங்கோ! அம்மா, கையைப் பிடியுங்கோ!”

மாமி அவருடைய முழங்காலில் ஏறி இருந்தார். “அண்ணை, பெண்சாதி பிள்ளை வாயிலை தீத்திவிட இருந்து தின்னுறதுக்குக் குடுத்து வைக்கவேணும். வாயைத் திறவுங்கோ!”

ஒரு கையை உதறி என் வாயில் குத்தினார். உதடு பிளந்தது. என் இரத்தம் சட்டிக்குள் சொட்டியது. அந்த இடத்துச் சோற்றை மட்டும் அள்ளி எறிந்தேன். தாடையை அமுக்கிப் பிடித்து, சிறிது சிறிதாக உள்ளே வைத்தேன். விழுங்குகிறாரா என்று ஒவ்வொரு முறையும் தொண்டையைப் பார்த்தேன். துப்பினார், கடித்தார், விழுங்கினார். பிறகு விழுங்குவது அதிகமாயிற்று. அதன்பின் தானாகவே வாயைத் திறந்தார்.

நடுக்கம் அடங்க அரை மணித்தியாலம் சென்றிருக்கும். அப்பா என்னை உற்றுப் பார்த்தார்.

“பிள்ளை, சொண்டிலை என்ன இரத்தம்? ஆர் அடிச்சது?”

“ஓடி வரேக்கை விழுந்திட்டன் அப்பா.”

“கவனமா வாறேல்லையோ?”

உண்மையைச் சொல்ல மாமி வாயெடுத்தார். அம்மா சட்டியில் மிஞ்சியிருந்ததை அவசரமாக உருட்டி, மாமியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். மாமி அம்மாவின் வீங்கிய நெற்றியைப் பார்த்தார். பிறகு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார்.