பின் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவன்

பேய்க்கும் பெண்ணுக்கும் காதல் வருகிற கதைகள் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாயகன் செத்து நூறு வருடம் ஆகியிருக்கும். ஆனாலும் ஒரு முடி நரைக்காமல் மேம்பாலத்துக்கு அடியில் நாயகிக்காகக் காத்திருப்பான். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வருவான். என் வீட்டுக்காரரைப் பால் பாக்கெட் வாங்கிவரச் சொல்லவே நான் நாலு தரம் கத்த வேண்டும்.

சித்தூரிலிருந்து திருப்பதியில் ஒரு கிளினிக்குக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். என்னோடு வரும் பெண்ணுக்கும் அதே கிளினிக்கில்தான் வேலை. நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பெண், சித்தூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேரைப் போல அவளுக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. நான் வேலூரில் படித்தவள். அதனால் போனில் வரும் தொடர்கதையை நான் வாய்விட்டுப் படிப்பேன், அவள் கேட்பாள்.

"மெதுவா படிக்கா, இன்னா அவசரம்?" என்பாள். நல்ல கட்டம் வரும்போது வேண்டுமென்றே நிறுத்தித் தண்ணீர் குடிப்பேன்.

பஸ் இரைச்சலில் குரலை உயர்த்தித்தான் படிக்க வேண்டியிருந்தது. பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊர் பஸ்களில் ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டால் அந்த சீட்டு போட்டவருடையது. எவ்வளவு கூட்டமானாலும் அதை யாரும் தொட மாட்டார்கள். ஒரு நாள் காலை நாங்கள் ஏறியபோது, வழக்கமாக உட்காரும் சீட்டில் நீலக் கைக்குட்டை விரித்திருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளை நந்தியாவட்டைப் பூ. எங்கள் கதையில் நாயகன், நாயகி போகும் இடத்துக்கெல்லாம் முன்பே போய் வெள்ளைப் பூ வைப்பான். அந்தக் கட்டத்தை முந்தின நாள்தான் படித்திருந்தேன்.

"உங்களுக்குத்தான் போட்டேன், உக்காருங்க" என்றான் பின் சீட்டுக்காரன். முப்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. அவள் வெட்கப்பட்டாள். நான் படித்ததையெல்லாம் இவனும் கேட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு தினமும் கைக்குட்டை, தினமும் பூ. அவளுடைய நம்பரையும் வாங்கிவிட்டான். ஒரு புதன்கிழமை கிளினிக்கில் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "வெள்ளிக்கிழம நாராயணவனம் போறோங்கா. அங்கயே கோயில்ல தாலி கட்டிடறேன்னு சொல்றாரு. சித்தியாண்ட சொல்லிடாத."

"அவனுக்கு எந்த ஊரு?"

"கேக்கலக்கா."

"இன்னா வேல பாக்கறான்?"

"அதெல்லாம் எதுக்கு? நான் இன்னா துன்னேன்னு தெரியுது அவருக்கு. சித்தி வூட்ல எப்ப லைட்ட அணைக்கறோம்னு கூட கரெக்டா சொல்றாருக்கா" என்றாள் பெருமையாக. "ராத்திரி போன்ல சொல்றாரு, 'நீ விடும் மூச்சையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன், அது நிற்கும்வரை நீ என்னுடையவள்'னு. இந்த மாதிரி யாருக்கா பேசுவாங்க?"

கதையில் இதையெல்லாம் ஒருவன் செய்தபோது உருகிப்போனவள் நான். இப்போது கையிலிருந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டேன். புத்தி சொல்லிப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதை சொன்னால்தான் கேட்பாள் என்று தோன்றியது. வியாழக்கிழமை பஸ்ஸில் போனைத் திறந்து, அதில் இல்லாததைப் படித்தேன். நாயகனின் பங்களாவுக்குப் போன நாயகி ஒரு அலமாரியைத் திறக்கிறாள், உள்ளே வேறு பெண்களின் செருப்புகள் வரிசையாக இருக்கின்றன என்று படித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள் முகம் வெளிறியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

"அதுல அப்படி இல்லயே அக்கா."

பின்னாலிருந்து அவன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். அவன் போனிலும் அதே கதை. "நான் முழுசா படிச்சிட்டேன். நீங்க பொய்யா படிக்கறீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "நிஜமாக்கா?"

நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க படிங்க."

அவன் படித்தான். என்னைவிட நன்றாக, நிறுத்தி நிதானமாகப் படித்தான். செருப்பு எதுவும் வரவில்லை. பங்களாவின் கதவு சாத்தப்படுகிறது, நாயகன் பேசுகிறான். "நீ விடும் மூச்சையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அது நிற்கும்வரை..."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அத்தியாயம் வரை நாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. அவன் அவளுக்கென்று சொன்ன சொல் என்று அவள் பொத்தி வைத்திருந்தது, அச்சுப் பிசகாமல் கதையில் இருந்தது. சந்திரகிரியில் பஸ் நின்றதும் இருவரும் இறங்கிவிட்டோம். ஜன்னல் ஓரம் அவன் தலை நிமிராமல் படித்துக்கொண்டே போனான்.

அன்று மாலையே சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், நம்பரையும் அழித்தாள். மறுநாள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வேறு பஸ் ஏறினோம். உள்ளே நிற்கக்கூட இடமில்லை. முன்னால் ஒரு சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அதில் நீலக் கைக்குட்டை, மேலே பூ.

எடுத்து வெளியே வீசக் கை நீட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மா தடுத்தார். "எவரோ வேசுகுன்னாரு, தீயகம்மா." யாரோ இடம் போட்டிருக்கிறார்களாம், எடுக்கக் கூடாதாம்.

பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள்கூட நின்றுகொண்டே வந்தார்கள். அந்த சீட்டு திருப்பதி வரைக்கும் காலியாகவே வந்தது.